அடிக்கு ஒரு நூல்: டிரின்கோமலி மாதிரிக் கப்பலுக்கு மறுபடி கயிறு கட்டிய பதிவு

சதுரப் பாய்க் கப்பல் மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்க எடுத்தால் முதலில் மலைக்க வைப்பது கயிறுகள்தான். நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், எதைத் தொட்டாலும் இன்னொன்று அசையும். பலரும் இந்த இடத்தில்தான் கப்பலைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகிறார்கள். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. இந்தக் கயிறு எதைப் பிடித்து, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒவ்வொன்றிடமும் கேட்டுக்கொண்டே போனால் போதும். எங்கே கட்டுவது, எவ்வளவு தடிமன், எது முதலில், எது அப்புறம் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

என் மேசைக்கு வந்தது ஹெச்.எம்.எஸ். டிரின்கோமலியின் மாதிரி. இலங்கையின் திருகோணமலைப் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் ஃப்ரிகேட் வகைப் போர்க்கப்பல் அது. பம்பாயில் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் மலபார் தேக்கில் கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறங்கியது. இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. இன்னும் மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுதான் மூத்தது. நெல்சனின் விக்டரி இதைவிட வயதில் பெரியது, ஆனால் அது உலர்துறையில் நிற்கிறது. தேக்குக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மாதிரியின் அளவு 96-ல் ஒரு பங்கு. அதாவது, அசலில் ஒரு அடி என்றால் இதில் எட்டில் ஒரு அங்குலம். நம் தச்சர் கணக்கில் அடிக்கு ஒரு நூல். இந்த வசதியை நான் கடைசி வரை பயன்படுத்திக்கொண்டேன். அசல் கப்பலின் அளவை அடியில் படித்தால், நூல் கணக்கில் நேரடியாக மரத்தில் குறித்துவிடலாம், கால்குலேட்டர் தேவையில்லை. பீரங்கித் தளத்தின் நீளம் அசலில் 150 அடிக்குச் சற்று மேல், அகலம் 40 அடி. மேசையில் அது சுமார் 48 செ.மீ. நீளம்.

உடல் நன்றாக இருந்தது. யாரோ பொறுமைசாலி செய்திருக்கிறார், பலகைகளின் இணைப்புகள் இன்னும் விடவில்லை. கயிறுகள்தான் போய்விட்டன. எல்லாமே பருத்தி நூல், எல்லாமே ஒரே கறுப்பு, எல்லாமே ஒரே தடிமன். முடிச்சு போட்ட இடங்களில் சூப்பர் க்ளூ விட்டிருந்தார்கள். அது இறுகிக் கண்ணாடி மாதிரி ஆனதும், பசை முடிந்து நூல் தொடங்கும் அந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக முறிந்திருந்தது. நடுப்பாய்மரத்தின் இரண்டாம் துண்டு, அதாவது டாப்மாஸ்ட், அடியோடு ஒடிந்து கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒட்டுப்போடும் யோசனையை உடனே கைவிட்டேன். நாலு கயிற்றை மாற்றினால் புதியதன் இழுவையை மீதிப் பழைய நூல்கள் தாங்காது. எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன், தளத்தில் எந்த முளையில் எது கட்டியிருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொண்டேன், பிறகு மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் வெட்டி எடுத்தேன். பழைய கப்பிகளையும், கயிற்றை இறுக்க உதவும் டெட்ஐ என்ற துளையிட்ட மர வில்லைகளையும் மட்டும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தூரிகையால் கழுவிக் காப்பாற்றினேன்.

மரங்கள்

நல்ல வேளையாகப் பாய்மரங்களின் கீழ்த்துண்டுகளான அடிமரங்கள் மூன்றையும் உள்ளே ஒட்டவில்லை. நடுமரத்தை உருவி அளந்து பார்த்தேன்: 11 அங்குலம் 7 நூல். அன்றைய பிரிட்டிஷ் மரபுக் கணக்கு ஒன்று உண்டு. தளத்தின் நீளத்தையும் கப்பலின் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் நடுமரத்தின் நீளம். 150-ம் 40-ம் சேர்ந்து 190, அதில் பாதி 95 அடி. 95 நூல் என்றால் 11 அங்குலம் 7 நூல். செய்தவர் கணக்கு தெரிந்தவர் என்று அப்போதே புரிந்தது. கயிறு கட்டியவர் வேறு ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

மற்ற மரங்களும் அதே சங்கிலியில் வருகின்றன. டாப்மாஸ்ட் நடுமரத்தில் ஐந்தில் மூன்று, ஆக 57 அடி. அதற்கு மேல் நிற்கும் டாப்கேலண்ட் அதில் பாதி. நடுமரத்தின் பெரிய பருமல், அதாவது பாயைத் தாங்கும் குறுக்கு மரம், நடுமரத்தில் ஒன்பதில் எட்டு, சுமார் 84 அடி. அடிமரத்தின் விட்டம் ஒரு கஜ நீளத்துக்கு ஒரு அங்குலத்தில் பத்தில் ஒன்பது என்ற கணக்கில் ஏறத்தாழ 28 அங்குலம். இவ்வளவு பருமனான மரம் ஒரே துண்டில் அரிதாகத்தான் கிடைக்கும். அதனால் பெரிய கப்பல்களின் அடிமரத்தைப் பல துண்டுகளை உள்பொருத்திச் சேர்த்து, இரும்புப் பட்டைகளால் இறுக்கிச் செய்தார்கள். மாதிரியில் அந்தப் பட்டைகளைக் கறுப்புத் தாளை மெல்லிய கீற்றாக நறுக்கி ஒட்டினேன். பெயின்டில் வரைந்தால் தடிப்பு தெரியாது, தாள் என்றால் விரலுக்குத் தட்டுப்படும்.

நம் கரைகளில் கட்டிய கப்பல்களின் பாய்மரத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் புன்னை பேர்போனது. நேராக, கிளையில்லாமல் உயரும் மரம். எனக்கும் அதில் ஒரு துண்டு கிடைத்திருந்தால் ஆசையாக இருந்திருக்கும். ஆனால் 5 மி.மீ. குச்சிக்கு அந்த மரத்தின் ரேகை பெரிது. தேக்கும் அப்படித்தான், நுண்துளைகள் கண்ணுக்குத் தெரிந்து அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சக்கடம்பு எடுத்தேன். ரேகை நெருக்கம், கத்திக்குப் பிசிறு இல்லாமல் வரும், சாயமும் சீராக ஏறும்.

டாப்மாஸ்ட் செய்யும் முறையை அன்றைய மரத்தச்சர்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நேராகக் குச்சியை உருட்டி உப்புத்தாள் போட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முதலில் சதுரம். சதுரத்திலேயே நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டு போக வேண்டும். பிறகு ஒவ்வொரு முகத்தையும் 7, 10, 7 என்ற விகிதத்தில் பிரித்துக் கோடு போட்டு மூலைகளைச் சீவினால் எண்கோணம். அடுத்து பதினாறு பட்டை. அதற்கப்புறம்தான் உருட்டுவது. அடிப்பகுதி மட்டும் சதுரமாகவே நிற்க வேண்டும், ஏனென்றால் அது அடிமரத்தின் உச்சியில் ஒரு சதுரத் துளைக்குள் உட்கார்ந்து, குறுக்கே செருகிய ஃபிட் என்ற ஆப்பின் மேல் தன் முழு எடையையும் வைக்கிறது. ஆப்பை உருவிவிட்டால் டாப்மாஸ்டைக் கடலிலேயே கீழே இறக்கலாம். என் ஆப்பு பித்தளைக் கம்பி. இங்கே ஒரு சொட்டுப் பசைகூட விடவில்லை. அடுத்து வரும் ஆள் உருவி எடுக்க வேண்டும்.

கயிறு முறுக்குதல்

எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. கடையில் விற்கும் நூலை அப்படியே கட்டினால் அது நூலாகத்தான் தெரியும். கயிறாகத் தெரிய வேண்டுமானால் புரிகள் தெரிய வேண்டும். அதற்கு நாமே முறுக்குவதைத் தவிர வழியில்லை.

பிரிட்டிஷ் கடற்படைக்குக் கயிறு முறுக்கிய சாத்தம் கப்பல்தளத்தின் கயிற்றுச்சாலை 346 மீட்டர் நீளம். 1786-க்கும் 1791-க்கும் இடையில் கட்டிய செங்கல் கட்டடம். அவ்வளவு நீளம் எதற்கு என்றால், முறுக்கும்போது நீளம் குறையும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே கயிறாக வேண்டுமென்றால் சாலை அந்த அளவுக்கு நீண்டாக வேண்டும். 346-ஐ 96-ஆல் வகுத்தால் 3.6 மீட்டர். என் மாடி வராந்தா அதைவிடச் சற்றே நீளம். ஆக, மாதிரிக்கு ஏற்ற மாதிரிக் கயிற்றுச்சாலை வீட்டிலேயே இருந்தது.

கருவி எளிது. ஒரு முனையில் மூன்று கொக்கிகள். ரிச்சி தெருவில் வாங்கிய சின்னப் பல்சக்கரங்கள் மூன்றையும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் சுற்றும். எதிர்முனையில் ஒற்றைக் கொக்கி, தரையில் ஓடும் ஒரு சின்ன வண்டியில். வண்டியின் பின்னால் கயிறு கட்டி, ஜன்னல் கம்பி மேலாக ஒரு எடையைத் தொங்கவிட்டிருக்கிறேன். முறுக்கு ஏற ஏற நூல் சுருங்கும், வண்டி மெதுவாக முன்னால் நகரும். நடுவில் மூன்று பள்ளம் வெட்டிய கூம்பு வடிவ மரக்கட்டை. மூன்று புரிகளும் அந்தப் பள்ளங்கள் வழியாக வந்து கூம்பின் நுனியில் ஒன்றுசேரும். புரிகளில் ஏறிய முறுக்கு, தான் பிரிய முயலும்போது எதிர்த்திசையில் கயிறாகப் பின்னிக்கொள்கிறது. இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கயிறு. கூம்பைக் கையில் பிடித்திருக்கும்போது அந்தத் தள்ளல் விரலுக்குத் தெரியும். அவசரப்பட்டு நகர்த்தினால் புரி நீண்டு தளரும். தானாகத் தள்ளும் வேகத்தில் விட்டால் ஒவ்வொரு புரியும் ஒரே சாய்வில் படுக்கும்.

சாதாரணக் கயிற்றை நிமிர்த்திப் பிடித்தால் புரிகள் வலப்புறமாக மேலேறும். அப்படிப்பட்ட மூன்று கயிறுகளைச் சேர்த்து மறுபடி முறுக்கினால் இடப்புறம் ஏறும் ஒன்பது புரிக் கயிறு கிடைக்கும். மரங்களைத் தாங்கும் கனமான கயிறுகளில் இந்த இடமுறுக்கு வகை அதிகம். தையல் நூலில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. பெரும்பாலான தையல் நூல்கள் ஏற்கனவே வலமுறுக்கில் வருகின்றன. அதே திசையில் இன்னும் ஏற்றிப் புரியாக்கிச் சேர்த்தால் கயிறு தானாகவே இடமுறுக்காக விழும், நிலைக்கயிறுகளுக்கு மிகப் பொருத்தம். ஓடும் கயிறுகளுக்கு வலமுறுக்கு வேண்டும். அதற்குத் தையல் எந்திரத்தின் பாபினில் சுற்றும் மெல்லிய, முறுக்கு குறைந்த நூலை எடுத்தேன். முறுக்கு உள்ள நூலை எதிர்த்திசையில் சுற்றினால் அது பிரிந்து பஞ்சு தட்டும்.

பாலியெஸ்டரா, பருத்தியா என்று கேட்பவர்களுக்கு: சென்னைக் காற்றில் பாலியெஸ்டர். பருத்தியும் சணலும் ஈரத்தில் பருத்து நீளத்தில் சுருங்கும், காய்ந்தால் தளரும். அசல் கப்பலிலும் இதே தொல்லை இருந்தது. மழை பிடித்தால் ஓடும் கயிறுகளைத் தளர்த்திவிட ஆள் போக வேண்டும், இல்லாவிட்டால் இறுகிய கயிறு ஏதாவது ஒன்றை முறித்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் தளர்த்திவிட மாலுமி கிடையாது.

நிறம் இரண்டே இரண்டு. மரங்களைத் தாங்கும் நிலைக்கயிறுகளுக்கு மேலும் மேலும் தார் பூசுவார்கள், அதனால் கறுப்பை ஒட்டிய கரும்பழுப்பு. கையில் பிடித்து இழுக்கும் ஓடும் கயிறுகள் சணலின் வெளிர்பழுப்பு. முழுக் கறுப்பு நூலைத் தவிருங்கள். சின்ன அளவில் அது கயிறாகத் தெரியாமல் வெறும் கோடாகத் தெரியும்.

தடிமனுக்கும் சங்கிலிக் கணக்குதான். அன்றைக்குக் கயிற்றைச் சுற்றளவில் அளந்தார்கள். நடுமரத்தை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் முக்கிய ஸ்டே கயிற்றின் சுற்றளவு மரத்தின் விட்டத்தில் பாதி. விக்டரியில் அது 19 அங்குலச் சுற்றளவு, விட்டத்தில் அரை அடி. நம் கப்பலுக்குச் சுமார் 14 அங்குலம், மாதிரியில் 1.2 மி.மீ. விட்டம். மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஷ்ரவுட் 0.7 மி.மீ. ஏணிப்படியாகும் ராட்லைன் 0.13 மி.மீ. அளக்க நுண்கருவி வேண்டாம்: ஒரு ஆணியில் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, 10 மி.மீ. தூரத்தில் எத்தனை சுற்று என்று எண்ணினால் போதும். 14 சுற்று வந்தால் 0.7.

முதலில் அணியம்

வேலை எங்கே தொடங்குகிறது? பலர் நடுமரத்தில் தொடங்குகிறார்கள், அது பெரிதாகத் தெரிவதால். நான் கப்பலின் முன்முனையான அணியத்தில், முன்னால் சாய்ந்து நீளும் பௌஸ்பிரிட் மரத்தில் தொடங்கினேன். காரணம் இழுவைதான். முன்மரம் பின்னால் சாயாமல் இழுத்துப் பிடிப்பது பௌஸ்பிரிட்டில் கட்டிய ஸ்டே. நடுமரத்தின் டாப்மாஸ்டைப் பிடிக்கும் ஸ்டே முன்மரத்துக்குப் போகிறது. ஆக, அந்த ஒரு சாய்ந்த மரம் போனால் பின்னால் வரிசையாக ஆட்டம் காணும்.

இது வெறும் கணக்கு அல்ல என்பதற்கு இந்தக் கப்பலின் கதையிலேயே சான்று இருக்கிறது. டிரின்கோமலியின் வரைபடங்களை முதலில் பம்பாய்க்குக் கொண்டுவந்த கப்பல் ஹெச்.எம்.எஸ். ஜாவா. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷனிடம் அது சிக்கியது. சண்டையில் ஜாவாவின் பௌஸ்பிரிட் முனையும் அதிலிருந்த முன்பாய்களும் அடிபட்டுப் போயின. முன்பாய் இல்லாமல் கப்பலைச் சரியாகத் திருப்ப முடியவில்லை. பிறகு முன்மரம், நடுமரத்தின் மேல்துண்டு, பின்மரம் என்று சரிந்து, கடைசியில் சரணடைந்தது. பயன்படாத அளவுக்குச் சிதைந்த ஜாவாவை அமெரிக்கர்கள் எரித்துவிட்டார்கள். வரைபடங்களும் போயின. மறு நகல் வந்து, பம்பாயில் வேலை தொடங்க 1816 ஆகிவிட்டது. பௌஸ்பிரிட்டைக் கீழே இழுத்துக் கட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்தான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கட்டுக்கு கேமனிங் என்று பெயர். பௌஸ்பிரிட்டின் மேல் ஒரு சுற்று, கீழே அணியப் பலகையின் துளை வழியாக ஒரு சுற்று என்று பலமுறை போகும். மேலே ஒரு வரிசையிலும் துளையில் அதற்கு எதிர்வரிசையிலும் சுற்று விழ வேண்டும், அப்போது பக்கத்திலிருந்து பார்த்தால் கயிறு நடுவில் குறுக்காக முறுகி நிற்கும். கடைசியில் அந்த இடுக்கின் நடுவே அதே கயிற்றால் கிடைமட்டமாகச் சுற்றி நெரித்துவிட வேண்டும். பௌஸ்பிரிட்டைக் கீழ்நோக்கி இழுக்கும் பாப்ஸ்டே கயிறு அதன் கீழே. இவை இரண்டும் இறுகிய பிறகு, மேலே கட்டும் எல்லாக் கயிறும் பௌஸ்பிரிட்டை மேல்நோக்கி இழுத்தாலும் அது அசையாது.

ஷ்ரவுடும் டெட்ஐயும்

மரங்கள் பக்கவாட்டில் சாயாமல் இருபுறமும் பிடிப்பவை ஷ்ரவுட் கயிறுகள். எத்தனை என்பதைக் கப்பலே சொல்லிவிட்டது, பக்கப் பலகைகளில் கீழ் டெட்ஐகள் ஏற்கனவே இருந்தன. ஒரே கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பில் ஒரு வளையம் கட்டி மரத்தின் தலையில் மாட்டினால் இரண்டு கால்களும் ஒரே பக்கமாகக் கீழே இறங்கும், ஒரு ஜோடி. வலப்பக்கம் முன் ஜோடி முதலில், அடுத்து இடப்பக்கம் முன் ஜோடி, இப்படி மாறி மாறிப் பின்னோக்கி. ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும் அந்த வளையங்களின் அடுக்கு, அடிமரத்தின் உச்சியருகே உள்ள மேடைக்குச் சற்று மேலே அழகாகத் தெரியும். எல்லா ஷ்ரவுடும் ஏறிய பிறகே அதன் மேல் ஸ்டேயின் வளையம். இந்த மாதிரிக்கு முன்பு கயிறு கட்டியவர் இதைத் தலைகீழாகச் செய்திருந்தார்.

முன்னால் நிற்கும் முதல் ஷ்ரவுடை முழு நீளத்துக்கும் மெல்லிய நூலால் சுற்றி மூடினேன். பெரிய பாயும் பருமலும் உரசுவது அதன் மேல்தான். அசலில் கயிற்றின் புரிப் பள்ளங்களில் சிறு கயிறு நிரப்பி, தார்த்துணி சுற்றி, அதற்கு மேல் நூல் சுற்றுவார்கள். முதல் இரண்டும் முறுக்கின் போக்கில், கடைசிச் சுற்று முறுக்குக்கு எதிராக. எதிர்ப்போக்கில் சுற்றினால்தான் கயிறு இழுபடும்போது சுற்று தளராது. மாதிரியில் கடைசிச் சுற்று மட்டும் போதும், ஆனால் திசை மாறக்கூடாது.

இனி டெட்ஐ. மூன்று துளை உள்ள வட்ட மர வில்லை. ஷ்ரவுடின் கீழ்முனையில் ஒன்று, கப்பல் பக்கத்தில் ஒன்று, இரண்டுக்கும் இடையில் லேன்யார்ட் என்ற சிறுகயிறு மேலும் கீழுமாக ஓடும். கப்பி போலச் சக்கரம் இல்லை. உராய்வு இருப்பதே இங்கே பயன், ஒருமுறை இழுத்து இறுக்கினால் வழுக்காது. மேல் வில்லையில் ஒற்றைத் துளை மேலே, கீழ் வில்லையில் ஒற்றைத் துளை கீழே. இது மாறிவிட்டால் லேன்யார்ட் சாய்ந்து ஓடும், தூரத்திலிருந்தே தெரியும். உடைந்தவற்றுக்குப் பதிலாக 3.5 மி.மீ. மஞ்சக்கடம்புக் குச்சியில் முதலில் விளிம்புப் பள்ளம், பிறகு துளைகள், கடைசியாக அறுப்பு என்ற வரிசையில் செய்தேன். அறுத்த பிறகு துளை போட்டால் வில்லை பிளக்கும்.

மேல் வில்லைகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க ஒரு பித்தளைக் கம்பித் துண்டு போதும். இரு முனையையும் மடக்கி, ஒன்றைக் கீழ் வில்லைத் துளையிலும் மற்றொன்றை மேல் வில்லைத் துளையிலும் செருகினால் இடைவெளி கூடவும் முடியாது, குறையவும் முடியாது. அந்த நிலையில் ஷ்ரவுடை மேல் வில்லையைச் சுற்றி மடித்து மூன்று இடத்தில் கட்டு போட்டுவிட்டு, கம்பியை உருவி, லேன்யார்டை ஓட்டினேன். லேன்யார்டை அன்றே இறுக்க வேண்டாம். எல்லா ஸ்டேயும், பின்பக்கமாக இழுக்கும் பேக்ஸ்டேயும் ஏறிய பிறகு, கண்ணைக் கப்பலின் மூக்குமுனைக்கு நேரே வைத்து மூன்று மரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து, இடமும் வலமுமாக மாற்றி மாற்றி இறுக்கலாம். அதுவரை முடிச்சுக்குத் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு துளி. ஈரத் தூரிகையால் தொட்டால் விட்டுவிடும், அதுதான் வேண்டும்.

ராட்லைன் கட்டுவது பொறுமை வேலை, சொல்ல அதிகம் இல்லை. 3.5 மி.மீ. இடைவெளி, அசலில் சுமார் 13 அங்குலம், ஒரு ஆள் கால் எடுத்து வைக்கும் உயரம். ஒவ்வொரு ஷ்ரவுடிலும் குளோவ் ஹிட்ச் என்ற முடிச்சு. தாளில் கோடு போட்டு ஷ்ரவுடுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கு வழிகாட்டி. நடு ஷ்ரவுடில் தொடங்கி இருபுறமும் போனால் ஓரக் கயிறுகள் உள்ளே இழுபடாது.

பருமல்கள் எங்கே நிற்க வேண்டும்

பாய் கட்டாத மாதிரிகளில் திரும்பத் திரும்ப ஒரு விஷயத்தைப் பார்க்கிறேன், அருங்காட்சியகப் பெட்டிகளில்கூட. பருமல்கள் எல்லாம் மரத்தின் உச்சி வரை ஏற்றி வைத்திருப்பார்கள். இங்கும் அப்படித்தான் இருந்தது. கீழ்ப் பருமல் எப்போதும் தன் இடத்திலேயே தொங்கும், அது சரி. ஆனால் டாப்மாஸ்டின் பருமலைப் பாய் விரிக்கும்போது மட்டும்தான் ஹாலியார்ட் கயிற்றால் மேலே ஏற்றுவார்கள். பாய் இல்லாதபோது அது கீழே, அடிமரத்தின் உச்சியில் மாட்டிய தொப்பிக் கட்டைக்குச் சற்று மேலே வந்து உட்காரும். டாப்கேலண்ட் பருமலும் அப்படியே. மரத்தைச் சுற்றியிருக்கும் மரமணிகள் கோத்த வளையக் கயிறு அந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான் இருக்கிறது.

இதை லிஃப்ட் கயிறு காட்டிக்கொடுக்கும். அது மரத்தின் உச்சியிலிருந்து பருமலின் இரு முனைக்கும் வருகிறது. பருமல் கீழே இருக்கும்போது எடை லிஃப்டில், அது விறைப்பாக நிற்கும். மேலே ஏற்றிவிட்டால் எடை ஹாலியார்டுக்குப் போய்விடும், லிஃப்ட் தொய்ந்து தொங்கும். பருமலை மேலே வைத்து லிஃப்டையும் விறைப்பாகக் கட்டினால், நடக்காத ஒன்றைக் கட்டியதாகிறது. நான் பருமல்களை இறக்கிவைத்தேன். கப்பலின் தோற்றமே மாறியது. உயரம் குறைந்தாற்போல இருந்தாலும், துறைமுகத்தில் ஓய்ந்து நிற்கும் கப்பலின் நிஜமான உருவம் வந்தது.

பருமலுக்குக் கீழே மாலுமிகள் நிற்கும் கால்கயிறு, சுமார் மூன்று அடி, ஆக மூன்று நூல் கீழே தொங்க வேண்டும். பாலியெஸ்டருக்கு எடை இல்லை, காற்றில் விறைத்து நிற்கும். பருமலை மரத்தில் ஏற்றும் முன்பே தெர்மோகோல் பலகையில் குத்திவைத்து, கால்கயிற்றை ஃபெவிகால் நீரில் நனைத்து, குண்டூசிகளால் கீழே இழுத்துப் பிடித்துக் காயவிட்டேன். பருமலில் கட்ட வேண்டிய எல்லாக் கப்பிகளும் அப்போதே. ஏற்றிய பிறகு அங்கே விரல் போகாது.

இந்தக் கப்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பல்களுக்கு இவை எவ்வளவு தேவைப்பட்டன என்றால், போர்ட்ஸ்மத்தில் மார்க் பிரூனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்த எந்திரங்கள் 1808 அளவில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகளை உருவாக்கின. பெரும் எண்ணிக்கையில் ஒரே மாதிரிப் பொருளை எந்திரத்தில் செய்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. 2 மி.மீ. கப்பிகளை அரம் வைத்து ராவிக்கொண்டிருந்த சமயத்தில் அந்த எண்ணிக்கையின் கனம் நன்றாகவே புரிந்தது.

பிரேஸ், கடைசி இழுவை

பருமலைக் காற்றுக்கு ஏற்றபடி இடமும் வலமுமாகத் திருப்புவது பிரேஸ் கயிறு. இது பின்னோக்கி இழுக்க வேண்டும். முன்மரத்தின் பிரேஸ்கள் நடுமரத்தை நோக்கி வருகின்றன. நடுமரத்துப் பெரிய பருமலின் பிரேஸ்கள் கப்பலின் பின்பக்க ஓரங்களுக்குப் போகின்றன. சரி, பின்மரத்துக்கு? அதற்குப் பின்னால் மரமே இல்லை. அதனால் அதன் பிரேஸ்கள் முன்னோக்கி, நடுமரத்துக்குத் திரும்புகின்றன. பழைய ஆள் இவற்றையும் பின்பக்கமாகவே இழுத்துக் கொடிக்கம்பத்துக்கு அருகில் கட்டியிருந்தார். என் தாளில் குறித்திருந்த பழைய முளை எண்களை நான் நம்பாமல் விட்டது இந்த இடத்தில்தான்.

முளைகளில் கட்டும் வரிசை: தளத்தின் நடுவிலுள்ளவை முதலில், ஓரத்திலுள்ளவை கடைசியில். பாரிமுனைப் பக்கம் வாங்கிய நீள மூக்கு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸும் ஒரு குரோஷே ஊசியும் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு கயிற்றையும் முளையில் எட்டு வடிவமாகச் சுற்றி ஒட்டி வெட்டிவிட்டு, தனியே ஆணிகளில் சுற்றிச் செய்த கயிற்றுச் சுருளை மேலே மாட்டிவிட வேண்டும். சுருள் இல்லாத முளை வெறிச்சென்றிருக்கும். அசல் கயிற்றின் மிச்ச நீளம் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்.

இறுக்கத்தைச் சோதிக்க ஒரு சின்னக் கண்ணாடியை மேடைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். டாப்கேலண்டின் பேக்ஸ்டேயை இழுக்கும்போது முன்பக்க ஸ்டே தொய்கிறதா என்று அதில் தெரியும். தொய்ந்தால் மரம் பின்னால் வளைகிறது, உடனே விட்டுவிட வேண்டும். மேலே போகப் போக மரம் மெல்லியது. அங்கே கயிறு நேராக நின்றால் போதும், விறைக்கத் தேவையில்லை.

பருமல்களின் நுனியில் நீட்டி மடக்கும் உபபாய்க் கம்புகளும் கொடிக்கயிறும் இன்னும் பாக்கி. கம்புகளுக்கு மூங்கில் சீவி வைத்திருக்கிறேன். முறுக்கிய கயிறுகளில் மீந்ததைத் தடிமன் வாரியாக அட்டைகளில் சுற்றி, எந்த நூல், எத்தனை இழை, என்ன எடை என்று அதிலேயே எழுதி, கப்பலின் பெட்டிக்கு அடியில் ஒரு உறையில் போட்டுவிட்டேன். அடுத்த முறை ஒரு கயிறு அறுந்தால் அதே கயிற்றையே மறுபடி முறுக்கிக்கொள்ளலாம்.